எங்கள் வீட்டுப் புகார்ப் புத்தகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இந்தப் பேச்சு எப்போது முடியும், மிட்டாய் எப்போது வழங்கப்படும் என்று முன்வரிசையில் காத்திருக்கும் குழந்தைச் செல்வங்களே!

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர்களும் பேராசிரியர்களும் பேசுவது வழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேப் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் எங்களை, ‘குடும்பமும் குழந்தைகளும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். மூட்டைகளைப் பற்றிக் கேட்டிருந்தால் முழங்கியிருப்போம். குழந்தைகளோ, எடையிட்டுச் சீட்டு ஒட்டி அனுப்பும் பொருள்கள் அல்லர் என்பதை அண்மையில்தான் அறிந்துகொண்டோம். அறிந்த கதையைக் கூறுகிறோம்.

‘எங்களை’, ‘அறிந்தோம்’ என்றெல்லாம் பன்மையிற் பேசுவது பெருமைக்காக அன்று. எங்கள் குவார்ட்டர்ஸில் ஆச்சி, நாங்கள் இருவர், ஒன்பது வயது மூத்தவன், நாலரை வயது இளையவள் ஆக ஐவர், நாய் ஒன்று. அவ்வீட்டில் நடந்த எக்குற்றத்தையும் ஒருவர் தனியாகச் செய்ததில்லை. ஆகவே ‘நாங்கள்’ என்பதே பொருந்தும்.

சென்ற ஆண்டு இடவப்பாதி மழையில் திருவனந்தபுரம் நனைந்துகொண்டிருந்த ஒரு மாலை, மூத்தவன் பள்ளிப் பையை மார்போடு அணைத்தபடி வந்தான். ‘புத்தகம் நனையாமல் காக்கிறான், பொறுப்பு வந்துவிட்டது’ என்று நாங்கள் மகிழ்ந்தோம். பை தும்மியது. திறந்து பார்த்தால், பிறந்து ஒன்றரை மாதமே ஆகியிருக்கக்கூடிய பழுப்பு நிற நாய்க்குட்டி உள்ளே இருந்தது. புத்தகங்கள் எங்கே என்று கேட்டோம். கையில்தான் இருந்தன, நன்றாக நனைந்திருந்தன.

குட்டிக்கு ‘மணி’ என்று பெயரிட்டாள் ஆச்சி. கோவில்பட்டியில் அவள் வளர்த்த நாய்கள் அனைத்திற்கும் அதுவே பெயர். அன்று தொடங்கியது எங்கள் குழப்பம். அலுவலகம் புறப்படும் அவசரத்தில், “மணி என்ன ஆயிற்று?” என்று கேட்டால், “சாக்கடையில் விழுந்துவிட்டது, அப்பா” என்று விடை வரும். “மணி எத்தனை?” என்றால், “ஒன்றுதான்” என்பாள் இளையவள்.

ஊர்ப் பெயரும் சிக்கலை விளைத்தது. நம் மொழியில் ‘பட்டி’ என்றால் சிற்றூர், மலையாளத்திலோ நாய். அண்டை வீட்டுச் சேச்சியிடம், “நாங்கள் கோவில்பட்டி” என்று ஆச்சி பெருமையோடு கூற, அவ்வீட்டுக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அன்று முதல் ஆச்சி, “திருநெல்வேலிப் பக்கம்” என்று மட்டுமே சொல்லுகிறாள். ஆனால் மணிக்கு மொழிச் சிக்கலே இல்லை. ஆச்சி தமிழில் ‘வா’ என்றாலும் சேச்சி மலையாளத்தில் ‘வா’ என்றாலும் ஒன்றே. ‘போ’ என்பதும் இரு மொழிக்கும் பொதுவே. எம்மொழியிற் சொன்னாலும் அது போவதில்லை.

பார்சல் அலுவலகத்தில் நாய்க்கென்று தனி விதிகள் உண்டு. குளிர்சாதன முதல் வகுப்பில் இருவருக்கோ நால்வருக்கோ உரிய அறை முழுதும் நம் பெயரில் இருந்தால் நாயை உடன் கொண்டுசெல்லலாம். இல்லையேல் கார்டின் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டிலே ஏற்ற வேண்டும். எங்கள் மணியோ, சீட்டும் இன்றி எடையும் இன்றி, ஆச்சியின் காலடியில் ஒரு படுக்கையைத் தானே ஒதுக்கிக்கொண்டது. அலுவலக ஒழுங்கு வீட்டிலும் வேண்டும் என்று கருதி, நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, கோடு கிழித்து, ‘புகார்ப் புத்தகம்’ என்று தலைப்பிட்டோம். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி விதியையும் படித்தோம்: “மணியின்மீது பத்துப் புகார் சேருமாயின், அது வீட்டை விட்டு அனுப்பப்படும்.”

புகார்கள் மின்னல் வேகத்திற் சேர்ந்தன. ஒன்று, வலக்கால் செருப்பு. இரண்டு, இடக்கால் செருப்பு. மூன்று, ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்த களிப்பாக்கு. நான்கு, மூத்தவனின் கணக்கு நோட்டு. இதனை நாய் தானாகத் தின்றதா, ஊட்டப்பட்டதா என்பது இன்றுவரை விசாரணையில் உள்ளது. எட்டுப் புகார் சேர்ந்தபோது ஓணம் நெருங்கியது.

ஓணத்தில் புலியாட்டம் என்றொரு வேடிக்கை இந்நாட்டில் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்புமாகப் பூசிக்கொண்டு ஆடவர் புலியாகி ஆடுவர். நம் வீட்டிலும் ஒரு புலி வேண்டுமென்று குழந்தைகள் முடிவு செய்து, பள்ளி வர்ணப்பெட்டியைத் திறந்து மணியைப் பிடித்தனர். நாங்கள் வீடு திரும்பியபோது வர்ணப்பெட்டி காலி, மணியின் முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள், வாலில் ஒன்று. ஒன்பதாம் புகாராக அதனை எழுதிக் கையொப்பமிட்டோம்.

மறுநாள் முதல் மூத்தவன் திருந்திவிட்டான்! காலுறையைக் கழற்றாமல் வீட்டிலும் இருந்தான், படுக்கையிலும் இருந்தான். கேட்டதற்கு, “கால் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?” என்றான். நாங்கள் நெகிழ்ந்துபோனோம்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. எண்ணெய்க் குளியலுக்கு ஆச்சி அழைக்க, அவன் காலுறையோடுதான் குளிப்பேன் என்று அடம்பிடித்தான். அப்போது இளையவள் ஆச்சியின் சேலையைப் பிடித்து இழுத்து, “ஆச்சி, அண்ணன் காலில் ஒன்றுமே இல்லை. மணி கடித்ததை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் சாமிமேல் சத்தியம் செய்திருக்கிறேன்” என்றாள்.

காலுறையைக் கழற்றினோம். கணுக்காலுக்கு மேல் சிறு பற்குறி ஒன்று. அதன்மீது அஞ்சறைப்பெட்டியிலிருந்து எடுத்த மஞ்சள்தூள்.

நாங்கள் அனைவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கத்தி முடித்தபின்னரே அவன் முகத்தைப் பார்த்தோம். அவன் எங்களைப் பார்க்கவில்லை; வாசலில் படுத்திருந்த மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணிக்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. மூன்று மாதம் நிறைந்தவுடன் போட வேண்டும் என்று அறிந்திருந்தும், ‘ஓணம் கழியட்டும்’ என்று தள்ளி வைத்தவர்கள் நாங்களே. எங்கள் புத்தகத்தில் எழுதப்படாத புகார் இது.

அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் முதலிற் செய்வித்தது, ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவியது. கடித்தவுடனே இதனைச் செய்திருக்க வேண்டும் என்றார்; மஞ்சளும் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் மருந்தாகா என்றார். பிறகு, “ஏன் மூன்று நாள் தாமதம்?” என்று கேட்டார். எங்களுக்கு முந்திக்கொண்டு மூத்தவனே விடை கூறினான்: “அப்பா புத்தகத்தில் ஒன்பது இருக்கிறது, டாக்டர். இது பத்தாவது.”

மருத்துவர் ஒன்றும் பேசவில்லை. எங்களை ஒருமுறை பார்த்தார். பல ஆண்டு இரயில்வே ஊழியத்தில் மேலதிகாரிகள் எத்தனையோ பேர் எங்களை அதட்டியிருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு அவை ஈடாகா.

அவன் மறைத்தமைக்கு மற்றொரு காரணமும் இருந்தது. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று ஆச்சி இரவுதோறும் கதை கூறியிருந்தாள். அது பொய்க்கதை அன்று. ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து வயிற்றில்தான் போடப்பட்டது. 2005-க்குள் நம் நாடு அதனைக் கைவிட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் போடுவது, இரு புயங்களிலும் தோலுக்குள் சிறிதளவு. அதுவும் முதல் நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் ஆகிய நான்கே நாட்களில். இரத்தம் கசிந்த காயமாதலால், காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். அது வலித்தது, அழுதான். “பேடிக்கண்டா மோனே” என்று நர்ஸம்மா தலையைத் தடவினார். அழுகையினூடே அவன் கேட்டான்: “மீதி ஊசியெல்லாம் வயிற்றிலா?” இல்லை என்றதும் சட்டையைக் கீழே இறக்கிக்கொண்டான். அதுவரை இரு கைகளாலும் வயிற்றை மூடியே வைத்திருந்தான்.

பாரிஸ் நகரில் 1885 ஜூலை 6 அன்று, லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தை முதன்முதலாகச் செலுத்துவித்த சிறுவன் யோசேப் மைஸ்டருக்கும் ஒன்பது வயதே. அச்சிறுவன் பிழைத்தான், வளர்ந்தபின் பாஸ்டர் நிலையத்திலேயே காவலராகப் பணியாற்றினான். 1907-இல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையம் தோன்றியது. இக்கதையைக் கூறியதும் மூத்தவன், “அவனும் அப்பாவிடம் மறைத்தானா?” என்று கேட்டான். எங்களுக்கு விடை தெரியவில்லை.

அடுத்த கட்டளை, நாயைப் பத்து நாட்கள் கண்காணிக்க வேண்டும் என்பது. கடித்த நாய் பத்து நாட்களும் நலமாக இருந்தால், கடித்தபோது அதனிடம் நோய்க்கிருமி பரவும் நிலையில் இல்லை என்று கொள்ளலாம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடலாகாது. இரண்டும் ஒருங்கே நடைபெற வேண்டும். ஆச்சி வீட்டின் நான்கு மூலைகளிலும் கிண்ணத்தில் நீர் வைத்து, மணி குடிக்கிறதா என்று காவலிருந்தாள். நீருக்கு அஞ்சுவது மனிதருக்கு வரும் அறிகுறியே, நாயை அதனால் அறிய இயலாது என்று மருத்துவர் சொல்லியும் அவள் கேட்கவில்லை. நால்வகை நீரையும் குடித்த மணி, வீட்டின் நான்கு மூலைகளையும் நனைத்தது.

பகலிற் சிரித்தோம். இரவில் உறங்கவில்லை. நோய் வெளிப்பட்டபின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை என்பதை நாங்கள் படித்திருந்தோம். 2025-இல் இந்நாட்டிலேயே குழந்தைகள் சிலர் அந்நோயால் மாண்ட செய்தி நெஞ்சிலே நின்றது. நள்ளிரவில் எழுந்து மூத்தவன் நெற்றியைத் தொடுவோம். பிறகு வாசலுக்குச் சென்று மணி மூச்சு விடுகிறதா என்று பார்ப்போம். முன்பு மணி குரைத்தால் வைதவர்கள், இப்போது குரைக்கவில்லையே என்று ஏங்கினோம். பத்தாம் நாட்காலையில் எழுந்து பார்த்தால், ஓணத்திற்கு வாங்கிய புதுச் செருப்பின் வார் அறுந்து கிடந்தது. அதனருகே மணி வாலாட்டி நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாங்கள் சிரித்ததைக் கண்டு, அண்டை வீட்டுச் சேச்சி எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அஞ்சினார்.

பெரியோர்களே! இரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. தண்டவாளத்தில் விரிசல் கண்ட ஊழியன் ஓடிவந்து சொன்னால், அவனுக்குப் பரிசு தருவார்கள். ‘உன் பகுதியில் விரிசல் ஏன் வந்தது?’ என்று முதலிற் சொன்னவனையே தண்டித்தால், அடுத்த விரிசலை எவனும் சொல்லமாட்டான். வண்டி கவிழ்ந்த பிறகே நாம் அறிவோம். இத்துணை ஆண்டுகள் அந்த இரயில்வேயில் ஊதியம் பெற்றும், வீட்டில் நாங்கள் நேர்மாறான விதியை எழுதி, கையொப்பமும் இட்டிருந்தோம். எங்கள் புகார்ப் புத்தகத்தால் வீட்டில் குற்றம் குறையவில்லை; குற்றத்தைச் சொல்லுவதுதான் குறைந்தது.

நாய்க்கும் ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. தலைவன் போரில் வீழ்ந்தபின், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த ‘கோவிவன்’ என்னும் நாயின் உருவமும் பெயரும் அக்கல்லில் உள்ளன. நாய்க்குக் கல் எடுத்த இனம் நம் இனம். கல் எடுக்குமளவுக்கு எங்கள் மணி ஏதும் செய்துவிடவில்லை. ஆயினும் தடுப்பூசி பெற்று, மாநகராட்சி உரிமமும் பெற்று, முறையான குடியாக இன்று வாழ்கிறது. 2030-க்குள் நாய்வழி வரும் இந்நோயால் ஒரு மனித உயிரும் போகலாகாது என்று நம் நாடு குறிக்கோள் வகுத்துள்ளது. அதில் நம் பங்கு சிறிது: நாய் வளர்ப்போர் ஊசியைத் தள்ளிப்போடாதிருத்தல், குழந்தையை நாய் கடித்தாலும் கீறினாலும் உடனே கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல், எல்லாவற்றிற்கும் மேலாக, குழந்தை அதனை ஓடிவந்து சொல்லத்தக்க வீடாக நம் வீட்டை வைத்திருத்தல்.

அந்நோட்டு இப்போதும் உண்டு. பத்தாம் புகாருக்குரிய கோட்டில், ஊசி போட்ட நான்கு தேதிகளும் வரிசையாக உள்ளன. தலைப்பை அடித்துவிட்டு, ‘சொன்னவை’ என்று மூத்தவன் எழுதியிருக்கிறான். சென்ற வாரம் அதில் இளையவளுக்காக ஒன்று எழுத நேர்ந்தது. ஆச்சியின் மூக்குக் கண்ணாடியை உடைத்தது மணி அன்று, தானே என்று அவளாகவே வந்து சொன்னாள். கண்ணாடிக்குச் செலவு ஆயிற்று. ஆயினும் அவளுக்கு ஒரு கடலைமிட்டாய் கொடுத்தோம்.

மணி ஆகிவிட்டது என்று செயலாளர் சாடை காட்டுகிறார். வீட்டில் இன்னொரு மணியும் காத்திருக்கிறது; நாங்கள் செருப்பை உள்ளே எடுத்து வைத்தோமா என்பது நினைவில்லை. ஆகவே இவ்வளவோடு அமைகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!