காலை எண்ணிப் பாருங்கள்



சில வருடங்களுக்கு முன்னர் ஒரு குளிர்காலத்தில், அல் ஐன் பக்கம் மணலில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தோம். விடியற்காலையில் சப்பாத்துக்குள் காலை விட்ட என் தங்கையின் மகன் அலறினான். ஏதோ ஒன்று சப்பாத்திலிருந்து விழுந்து ஓடியது. வைத்தியசாலையில் நான் பதற்றத்தில், "பூச்சி கடித்துவிட்டது" என்றேன். ஐந்தாம் ஆண்டு படித்த அவனோ அழுதழுது சொன்னான்: "இல்லை மாமா, எட்டுக் கால், முன்னுக்கு இரண்டு இடுக்கி, வால் மேலே வளைஞ்சிருந்தது." தேள்! உடனே அதற்குரிய சிகிச்சை தொடங்கியது. பிள்ளை சுகமானான். கணக்காளனான நான் எண்ணவில்லை, அவன் எண்ணியிருந்தான்.

ஊர்வன எல்லாவற்றையும் பூச்சி என்று சொல்லிப் பழகிவிட்டோம். விஞ்ஞானம் இவற்றைக் கணுக்காலிகள் என்கிறது. மூங்கிலில் இருப்பதுபோல் காலில் கணுக்கள். உடம்பு துண்டு துண்டாக இருக்கும். எலும்பு உள்ளே இல்லை, வெளியே ஓடுதான் கவசம். ஓடு வளராது. ஆகவே உடம்பு பெருக்கும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிடும்.

இனிக் கால்களை எண்ணுவோம்.

ஆறு கால் என்றால் பூச்சி. எறும்பு, ஈ, வண்ணத்துப்பூச்சி, வெட்டுக்கிளி. தலை, நெஞ்சு, வயிறு என உடம்பு மூன்று பகுதி. 2018 இல் இரண்டு புயல்கள் அரேபியாவின் ரூப் அல் காலி பாலைவனத்தில் மழையைக் கொட்டின. ஈர மணலில் வெட்டுக்கிளி பெருகிற்று. 2020 இல் கிழக்கு ஆபிரிக்காவின் பயிர்களை அழித்த கூட்டங்களின் தொடக்கம் அதுதான்.

எட்டுக் கால் என்றால் சிலந்தியினம். சிலந்தி, தேள், உண்ணி. இவற்றுக்கு உணர்கொம்பும் இல்லை, சிறகும் இல்லை. இங்குள்ள ஒட்டகச் சிலந்திக்குப் பத்துக் கால் போலத் தெரியும். முன்னிரண்டும் கால் அல்ல, தடவி அறியும் உறுப்பு. அதற்கு விஷமும் இல்லை.

பத்துக் கால் நண்டுக்கும் இறாலுக்கும். நண்டின் இடுக்கியையும் சேர்த்தே எண்ண வேண்டும். இவை ஓட்டுடலிகள். பூக்களால் சுவாசிக்கும். உணர்கொம்பு இரண்டு சோடி. டுபாய் மீன் சந்தைக்குப் போனால் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.

அதற்கும் மேல் என்றால் பல்காலிகள். துண்டுக்கு ஒரு சோடிக் கால் உள்ளது மட்டத்தேள். பெயரில்தான் தேள், ஆனால் கடிக்கும், விஷமும் உண்டு. பெரும்பாலான துண்டுகளில் இரண்டு சோடி இருந்தால் மரவட்டை. அது கடிக்காது, சுருண்டுகொள்ளும்.

இடம்பெயர்ந்து மரத்தடியில் படுத்த காலத்தில், அம்மா பாயை உதறாமல் எங்களைப் படுக்க விடமாட்டார். பாலைவனத்திலும் அதே பாடம்தான். சப்பாத்தை உதறிவிட்டுப் போடுங்கள். ஏதும் கடித்தால் அதைப் பிடிக்க ஓடாதீர்கள். தூர நின்று காலை எண்ணி, வைத்தியரிடம் சொல்லுங்கள்.