அனுப்புமுன் கேட்டல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'அகதி' என்னும் சொல்லை நாம் நாடோறும் கேட்கின்றோம். கதியற்றவன், புகலிடம் அற்றவன் என்பதே அதன் பொருள். பிழைப்பு நாடிப் பிறதேசம் சென்றவன் விரும்பியபோது ஊர் திரும்பலாம். அகதியோ, திரும்பினால் உயிருக்குக் கேடு நேரும் என அஞ்சுபவன். இவ்வேறுபாடு ஒருவன் முகத்தில் எழுதப்பட்டிருப்பதன்று; அவனைக் கேட்டே அறிதல் வேண்டும்.

1951ஆம் ஆண்டு ஜெனீவாவில் நிறைவேறிய அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் உறுப்புரை, இனம், மதம், அரசியற் கொள்கை முதலியவற்றின் பொருட்டு உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள நாட்டுக்கு எந்த அகதியையும் திருப்பி அனுப்பலாகாது என்று விதித்தது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடானவர், பாரிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டுச் சமூகத்துக்கு ஆபத்தானவர் ஆகியோர் மட்டும் இப்பாதுகாப்பைக் கோர இயலாது.

விதி நன்று, நடந்தது யாது? 1987இல் பிரித்தானியாவிலே தஞ்சங் கோரிய ஐந்து இலங்கைத் தமிழர், 1988 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்நாட்டை விட்டு நீங்கிய பின்னரே அவர்கள் மேன்முறையீடு செய்யலாம் என்பது அக்காலச் சட்டம். 1989இல் அம்முறையீட்டை விசாரித்தவர் அவர்களது அச்சம் நியாயமானதே எனத் தீர்த்தார். அவ்வாண்டிலேயே அவர்கள் பிரித்தானியாவுக்கு மீண்டனர். ஆயினும் அனுப்பியது குற்றமன்று என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. இடையிலே ஒருவர் இறந்திருப்பின் அம்மேன்முறையீடு யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

மற்றொன்று கேளுங்கள். 2009 மே 6ஆம் நாள், லிபியாவிலிருந்து மூன்று படகுகளில் ஏறக்குறைய 200 பேர் இத்தாலி நோக்கிச் சென்றனர். லம்பெடூசாத் தீவுக்குத் தெற்கே இத்தாலியக் கப்பல்கள் அவர்களை மறித்து ஏற்றின. பெயரும் கேட்கவில்லை, போகுமிடமும் சொல்லவில்லை. ஏறக்குறையப் பத்து மணிநேரத்தில் திரிப்போலித் துறைமுகத்தில் இறக்கிவிட்டனர். அவர்களுள் சோமாலியரும் எரித்திரியருமான 24 பேர் வழக்காடினர். 2012இல் அதே நீதிமன்றம், நடுக்கடலிலும் அரசின் கடமை நீங்காது, ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரியாது கூட்டமாக அனுப்பியது தவறு என ஒருமனதாகத் தீர்த்தது.

"வந்தவர் எல்லோரையும் ஏற்றால் நாடு தாங்குமா?" எனப் பெரியோர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் கேட்பது வேறு, ஏற்பது வேறு. கேட்டறிந்து, ஆபத்தில்லாதவனைத் திருப்பி அனுப்புதல் அரசின் உரிமை. கேளாமல் அனுப்புவதோ, ஒருவன் உயிரை வைத்துச் சூதாடுவதாகும்.

இது தூர தேசத்துக் கதையுமன்று. 2024 டிசம்பரில், நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்கியரை ஏற்றிய படகொன்று நமது முல்லைத்தீவுக் கரையை அடைந்தது. 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை. எனினும், கடல் கடந்து பிறர் வாசலில் நின்றவர் நம்முள் எத்தனை பேர்! இளைஞர்களே, 'திருப்பி அனுப்புங்கள்' என்னும் குரல் எழும்போது, 'அவர்களைக் கேட்டீர்களா?' என்று முதலில் வினவுங்கள்.