ஹோட்டல் அட்டையிலே ஒளிந்திருக்கும் கணக்கு

(மில் வாயிற்கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

கூலிப் பிடித்த வழக்குக்காகப் போன மாதம் நானும் நம் சங்கத் தோழர் ஒருவரும் நகரத்துக்குப் போயிருந்தோம். நல்ல பசி. ஒரு ஹோட்டலில் நுழைந்தோம். சர்வர் பளபளப்பான அட்டை ஒன்றைக் கொடுத்தார். தோழர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதிலே விலையே இல்லையே!" என்றார்.

இருந்தது. ஆனால் ரூபாய் என்ற சொல் எங்குமே இல்லை. பண்டத்தைப் பற்றி இரண்டு வரி வர்ணனை. அதன் வாலிலே பொடி எழுத்தில் வெறும் 240. நம் டீக்கடைப் பலகையிலே விலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். கண்ணை ஓட்டினால் மலிவானது எதுவென்று தெரிந்துவிடும். அப்படித் தெரியக் கூடாது என்றே இந்த அட்டையை அச்சடிக்கிறார்கள்!

இதற்கென்று ஒரு சாஸ்திரமே இருக்கிறது. அமெரிக்காவிலே மிச்சிகன் மாநிலச் சர்வகலாசாலையைச் சேர்ந்த கசவானா, ஸ்மித் என்ற இருவர் 1982-ல் ஒரு புத்தகம் போட்டார்கள். பண்டங்களை நான்கு ஜாதியாகப் பிரித்தார்கள். நிறைய விற்று நிறைய லாபமும் தருவது 'நட்சத்திரம்'. லாபம் இருந்தும் விற்காதது 'புதிர்'. இரண்டும் இல்லாதது 'நாய்'. ஜனங்கள் விரும்பிச் சாப்பிட்டும் முதலாளிக்கு லாபம் குறைவாகத் தருகிறதே, அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'ஏர்க்குதிரை'! வயலிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் குதிரைக்கு இந்தச் சாஸ்திரக்காரர்கள் சொல்லும் வைத்தியம்: விலையை ஏற்று, இல்லாவிட்டால் அளவைக் குறை, அதுவும் முடியாவிட்டால் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளு.

கார்னெல் சர்வகலாசாலையார் 2009-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரே ஹோட்டலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்கு மூன்று விதமான அட்டைகள்: டாலர் குறியோடு விலை, எழுத்தால் விலை, வெறும் எண். வெறும் எண்ணைப் பார்த்தவர்கள் சுமார் 8 சதவீதம் அதிகமாகச் செலவழித்தார்கள்! எல்லா வித்தையும் பலித்துவிடுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். கண் முதலில் பாயும் 'பொன்னான இடம்' ஒன்று அட்டையிலே உண்டு என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 2012-ல் கண்ணோட்டத்தை அளந்து பார்த்ததில், ஜனங்கள் புத்தகம் படிப்பதுபோல் மேலிருந்து கீழாகத்தான் படிக்கிறார்கள் என்று தெரிந்தது.

இதற்காகச் சர்வர்மீது கோபப்படாதீர்கள். அமெரிக்காவிலே டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய மத்தியச் சட்டக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-ல் ஏறியது, 2025-லும் அதேதான்! டிப்ஸோ பில் தொகையிலே இத்தனை சதவீதம் என்று வருவது. பில் ஏறினால்தான் அவர் வீட்டு அடுப்பு எரியும். ஆகவே முதலாளியின் அட்டை சொல்வதையே அவரும் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கூலிச்சீட்டிலே பிடித்தங்கள் எந்த மூலையில், எந்த எழுத்தில் அச்சாகியிருக்கின்றன? பையிலே இருந்தால் எடுத்துப் பாருங்கள், தோழர்களே. எங்கள் வழக்கே அதைப் பற்றியதுதான்.

அன்று நம் தோழர் அட்டையை மூடி வைத்துவிட்டார். "இருப்பதிலே மலிவு எது, தம்பி?" என்று நேராகவே கேட்டார். சர்வர் கல்லாப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அடிவரியிலே தயிர் சாதத்தின்மேல் விரலை வைத்தார்.