ஃபோர்ஸா போற பந்துல ஃபோர்ஸ் இருக்கா?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எடுத்து, வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்திய வடிவம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஒரு பந்தை நேரா மேலே தூக்கிப் போடுறீங்க. அது கையை விட்டுப் போயாச்சு, இன்னும் மேலே ஏறிக்கிட்டிருக்கு. காத்து தடுக்குறதைக் கணக்குல எடுக்க வேண்டாம். அந்த நொடியில் பந்து மேல என்னென்ன விசை வேலை செய்யுது? கூகுள் பண்ணாதீங்க. பதிலை மனசுக்குள்ள சொல்லி வச்சுக்கோங்க, பிறகு வரேன்.

நான் படிச்சது பி.காம். கிண்டியில் ஒரு ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயசு 29. இந்த ஜனவரியில் இருந்து கான் அகாடமியில் ஹைஸ்கூல் பிசிக்ஸ் கோர்ஸ் படிச்சுக்கிட்டிருக்கேன். இதைச் சொன்னா எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "நீட் எழுதப் போறியா?" இல்லைங்க. எந்தப் பரீட்சையும் எழுதப் போறதில்லை.

பத்தாவதில் எனக்கு 500க்கு 352. எங்க ஸ்கூல்ல முதல் குரூப் கிடைக்க 400 தாண்டணும். அட்மிஷன் அன்னைக்கு ஒரு மேஜைக்கு முன்னாடி நானும் அப்பாவும் நின்னோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மார்க் ஷீட்டைப் பார்த்துட்டு, "பாப்பாவுக்கு சயின்ஸ் வராதுங்க, காமர்ஸ் போடுங்க"ன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகலை. அப்பா தலையாட்டினார், நானும் ஆட்டினேன். காமர்ஸ் எனக்குப் பிடிச்சுத்தான் போச்சு, அதுல குறை ஒண்ணும் இல்லை. ஆனா "சயின்ஸ் வராது"ங்கிற அந்த வரி மட்டும் கூடவே வந்துடுச்சு. அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஏதாவது சந்தேகம்னு புக்கைத் தூக்கிட்டு வந்தா, "சித்திக்கு அதெல்லாம் தெரியாதுடா, அம்மாகிட்ட கேளு"ன்னு சொல்லிடுவேன். போன டிசம்பர்ல ஒரு நாள் அவனே, "சித்திகிட்ட வேண்டாம், அவங்களுக்கு சயின்ஸ் வராது"ன்னு அக்காகிட்ட சொன்னான். கிண்டலா இல்லை, சாதாரணமாச் சொன்னான். அதான் உறுத்துச்சு. அந்த வரி உண்மையா இல்லையான்னு ஒரு தடவை பார்த்துடலாம்னு தோணுச்சு.

கான் அகாடமி இலவசம். சல்மான் கான்னு ஒருத்தர், சினிமா நடிகர் இல்லை, அமெரிக்காக்காரர், 2004ல் தன்னோட உறவுக்காரப் பொண்ணுக்கு தூரத்துல இருந்தே கணக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சார். அது வளர்ந்து 2008ல் லாப நோக்கம் இல்லாத அமைப்பா ஆச்சு. இதுல டைம் டேபிள் கிடையாது, கடைசித் தேதி கிடையாது. யூனிட் யூனிட்டா இருக்கும். வீடியோ, அப்புறம் பயிற்சிக் கேள்வி, யூனிட் முடிஞ்சா டெஸ்ட். உங்க வேகத்துல போகலாம். இந்த "உங்க வேகம்"ங்கிற வார்த்தையை நம்பித்தான் நான் சேர்ந்தேன்.

முதல் மாசம் அமர்க்களம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினா கிண்டி வர்றதுக்குள்ள மூணு வீடியோ. ஹெட்போன், ஒண்ணரை மடங்கு ஸ்பீடு. ஒவ்வொரு வீடியோவுக்கும் எனர்ஜி பாயின்ட் ஏறும். ஆயிரம், பத்தாயிரம்னு அந்த நம்பர் ஏறுறதைப் பார்க்கவே அவ்வளவு சுகம். எல்லாம் புரியுது! நியூட்டனோட மூணு விதியும் புரியுது! பதினஞ்சு வயசுல என்னை ஏமாத்திட்டாங்கடான்னு கோபமே வந்துச்சு.

ஒண்ணை நான் கவனிக்கலை. அதுல ரெண்டு கணக்கு ஓடுது. எனர்ஜி பாயின்ட் வீடியோ பார்த்தாலே ஏறும். மாஸ்டரின்னு இன்னொரு சதவீதம் இருக்கு, அது கேள்விக்குப் பதில் சொன்னாத்தான் ஏறும். பயிற்சியில ஹின்ட் பட்டனை அமுக்கினா அந்தக் கேள்வி தப்புன்னு கணக்கு. யூனிட் டெஸ்ட்ல தப்பு பண்ணா, ஏற்கனவே வாங்கின லெவல் ஒரு படி இறங்கும். பிப்ரவரி கடைசியில் என்னோட மாஸ்டரி 9 சதவீதம். சரி, டெஸ்ட் எழுதி ஏத்திடலாம்னு விசைகள் யூனிட் டெஸ்ட்டைத் திறந்தேன். வரிசையாத் தப்பு. 9 இருந்தது 7 ஆச்சு. லேப்டாப்பை மூடிட்டேன்.

மூடினது மூடினதுதான். மார்ச் போச்சு, ஏப்ரல் போச்சு. யாரும் ஏன்னு கேட்கலை. ஸ்கூல்ல ரெண்டு நாள் வரலைன்னா பெஞ்ச்ல ஒரு இடம் காலியாத் தெரியும், மிஸ் கேட்பாங்க, பக்கத்துல உட்கார்றவ கேட்பா. இங்கே நான் வராதது யாருக்கும் தெரியாது. உங்க வேகம்னா இதுவும் சேர்த்துத்தான். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ்ல நடத்தின ஆன்லைன் கோர்ஸ்களைப் பத்தி 2019ல் சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. 2017–18ல் பதிவு பண்ணவங்கள்ல முடிச்சவங்க 100க்கு சுமார் 3 பேர். அதுல பாதிப் பேர் சும்மா எட்டிப் பார்க்க வர்றவங்களா இருப்பாங்க, அது வேற. ஆனா அந்த 97ல் நானும் ஒருத்தின்னு அப்போ முடிவே பண்ணிட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னது சரிதான் போலன்னும்.

மே மாசம் காலேஜ் ஹாஸ்டல் தோழி கோயம்புத்தூர்ல இருந்து போன் பண்ணா. அவ தங்கியிருந்தது எங்க ஹாஸ்டல், படிச்சது பக்கத்துக் காலேஜ்ல பி.இ. மெக்கானிக்கல். புலம்பினேன். எந்தக் கேள்வி தப்பாச்சு, ஒண்ணு சொல்லுன்னா. நான் அந்தப் பந்துக் கேள்வியைச் சொன்னேன்.

இப்போ உங்க பதிலுக்கு வரலாம். என் பதில் இது: கீழே இழுக்க புவியீர்ப்பு, மேலே தள்ள நான் எறிஞ்ச ஃபோர்ஸ். அந்த ஃபோர்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும், உச்சியில ரெண்டும் சமமாகும், அப்புறம் புவியீர்ப்பு ஜெயிக்கும். அழகா இருக்குல்ல? முழுத் தப்பு.

அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "மேல தள்ளுதுன்னு சொல்றியே, எது தள்ளுது? பேர் சொல்லு."

"என் கை."

"கை எங்கடி இருக்கு?"

கை கீழே இருக்கு. பந்தைத் தொடலை. நான் போனைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். கையை விட்டதுக்கு அப்புறம் மேலே தள்ள அங்கே ஒண்ணுமே இல்லை. ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் ஒரே ஒரு விசைதான், கீழ்நோக்கி. உச்சியில் வேகம்தான் பூஜ்யம், முடுக்கம் அப்பவும் அதே 9.8. அப்போ எது அதை மேலே கொண்டு போகுது? எதுவும் கொண்டு போக வேண்டியதில்லை. ஏற்கனவே வேகம் இருக்கு, அதனால போகுது. ஈர்ப்பு அந்த வேகத்தைத் தின்னுக்கிட்டே வருது, அவ்வளவுதான்.

இந்தத் தப்பு எனக்கு எங்கேயிருந்து வந்ததுன்னு யோசிச்சேன். நாம பேசுறதுல இருந்தே வந்திருக்கு. "குழாய்ல தண்ணி ஃபோர்ஸா வருது." "லாரி செம ஃபோர்ஸா வந்து இடிச்சுது." நம்ம ஊர்ல ஃபோர்ஸ்ங்கிறது ஓடுற பொருளுக்குள்ள இருக்கிற ஒரு சரக்கு. வேகமும் எடையும் சேர்ந்த ஒண்ணு. பிசிக்ஸ்ல அதுக்கு கிட்டத்தட்ட பொருந்துற வார்த்தை உந்தம், இங்கிலீஷ்ல மொமெண்டம். ஃபோர்ஸ், அதாவது விசை, ஒரு பொருளுக்குள்ள இருக்கிறதே இல்லை. ரெண்டு பொருளுக்கு நடுவுல நடக்கிறது அது. வீடியோவில் அவர் ஃபோர்ஸ்னு சொன்னப்போ எல்லாம் நான் லாரி ஃபோர்ஸைக் கேட்டுக்கிட்டிருந்திருக்கேன். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படிச்சதால "விசை"ன்னு படிச்சா இந்தக் குழப்பம் வர்றதில்லை, ஏன்னா தெருவில் யாரும் விசையாத் தண்ணி வருதுன்னு சொல்றதில்லை. அன்னையில இருந்து தமிழ்நாடு அரசோட பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை பிடிஎஃப்ல பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டுத்தான் கோர்ஸ் பார்க்கிறேன்.

எனக்கு மட்டும்தான் இப்படியான்னு தேடினா, இதே விஷயத்துல ஒருத்தர் பிஎச்டியே பண்ணியிருக்கார். டெரெக் முல்லர். வெரிட்டாசியம்னு யூடியூப் சேனல் நடத்துறாரே, அவரேதான். சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008ல் முடிச்ச ஆய்வு. மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட், அப்புறம் தெளிவா விளக்குற ஒரு வீடியோ, மறுபடியும் டெஸ்ட். வீடியோ ரொம்பத் தெளிவு, சுலபமாப் புரிஞ்சுதுன்னு சொன்னாங்க. மார்க் மட்டும் நகரவே இல்லை. தங்கள் பழைய தப்பையே இன்னும் உறுதியா நம்ப ஆரம்பிச்சாங்க. இன்னொரு வீடியோவில், மாணவர்கள் வழக்கமா நினைக்கிற தப்பையே ஒருத்தர் பேச, இன்னொருத்தர் அதைக் கேள்வி கேட்டு உடைக்கிற மாதிரி எடுத்தார். அதைப் பார்த்தவங்க குழப்பமா இருந்ததுன்னு சொன்னாங்க. ஆனா மார்க் கிட்டத்தட்ட ரெட்டிப்பாச்சு.

ரயில்ல எனக்கு வந்த அந்தச் சுகம் என்னன்னு அப்போதான் புரிஞ்சுது. அவருக்குப் புரிஞ்சதைப் பார்த்து, எனக்குப் புரிஞ்சதுன்னு நினைச்சிருக்கேன். ஸ்கூல்னா நான் தப்பா பதில் சொல்ற நேரத்துல யாராவது பிடிச்சிருப்பாங்க. தனியாப் படிக்கும்போது நம்ம தப்பு யாருக்கும் கேட்காது.

அதனால ரயில் வீடியோவை நிறுத்திட்டேன். இப்போ வீட்ல, கையில நோட்டு. வீடியோவுக்கு முன்னாடி பயிற்சிக் கேள்வியைத் திறந்து, என் பதிலைப் பேனாவால எழுதுவேன், ஏன்னு காரணத்தோட. பென்சில் இல்லை, அழிக்க முடியக் கூடாது. தப்பானா அப்புறம் வீடியோ. வாரத்துக்கு மூணு நாள், அரைமணி நேரம்தான் முடியுது. மாசக் கடைசியில ஜிஎஸ்டி வேலை வந்தா அதுவும் இல்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு கோயம்புத்தூர்ல இருந்து போன் வரும். அவ சொல்லித் தர மாட்டா. நான் சொல்லணும், அவ "எது தள்ளுது, பேர் சொல்லு"ன்னு கேட்பா. பல ஞாயிறு எரிச்சலா இருக்கும்.

ஆன்லைன் கோர்ஸ்ல லேப் இல்லைங்கிறது நிஜமான குறை. கொலராடோ பல்கலைக்கழகத்தோட ஃபெட் சிமுலேஷன்கள் இருக்கு, இலவசம், நல்லாவும் இருக்கும். ஆனா ஸ்கிரீன்ல தள்ளுறது ஸ்கிரீன்ல தள்ளுறதுதான். எனக்கு உதவினது ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப். ஜெர்மனியில ஆகன் பல்கலைக்கழகத்துல செஞ்சது. நம்ம போன்ல இருக்கிற சென்சாரை அளவுக் கருவியா மாத்திடும்.

அதைப் போட்டு போனை ஆபீஸ் லிஃப்ட் தரையில வச்சேன். சும்மா இருக்கும்போது 9.8 காட்டுது. ஏழாவது மாடி அமுக்கினேன். கிளம்புற நேரத்துல 10.5 வரை ஏறுச்சு. அப்புறம் நாலஞ்சு மாடி தாண்டுற வரைக்கும் திரும்ப 9.8. நிக்கப் போகும்போது 9.1. அந்த நடுப் பகுதியைப் பாருங்க. லிஃப்ட் நல்ல வேகத்துல மேலே போய்க்கிட்டிருக்கு, ஆனா போனுக்கு, சும்மா நிக்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியலை. ஒரே வேகத்துல போறதுக்கு அதிகப்படியா எந்த விசையும் வேண்டாம், வேகம் மாறுறப்போதான் வேணும். நியூட்டன் சொன்னார்னு பரீட்சைக்கு எழுதியிருக்கேன். அன்னைக்குத்தான் நம்பினேன். மேலயும் கீழயும் ஆறு தடவை போனேன். செக்யூரிட்டி அண்ணா வந்து, "என்னம்மா, லிஃப்ட் ரிப்பேரா? கம்ப்ளெயின்ட் போடவா?"ன்னார். "இல்லண்ணா, நல்லா வேலை செய்யுது"ன்னேன்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாச் சொல்லிடுறேன், நிறைய பேர் மெசேஜ்ல கேட்கிறீங்க. இந்தக் கோர்ஸ் முடிச்சா பிளஸ் டூ சர்டிஃபிகேட் கிடைக்காது. காலேஜ் அட்மிஷனுக்கோ வேலைக்கோ தாள் வேணும்னா, என்ஐஓஎஸ், தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதைப் பாருங்க. தனிப் பாடமா எடுத்து எழுதவும் வழி இருக்கு, பிராக்டிகலும் உண்டு. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி, உங்களுக்கு வேணும்ங்கிற அட்மிஷனுக்கு அது செல்லுமான்னு அந்தக் காலேஜ்ல கேட்டுக்கோங்க. எனக்குத் தாள் தேவைப்படலை, அதனால இது போதும்.

போன மாசம் அக்கா வீட்டு மொட்டை மாடியில பையன் டென்னிஸ் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சுக்கிட்டிருந்தான். இதே கேள்வியைக் கேட்டேன். ஒரு செகண்ட்கூட யோசிக்கலை. "மேல நான் போட்ட ஃபோர்ஸ், கீழ கிராவிட்டி."

விடையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. சொல்லலை. "மேல எதுடா தள்ளுது? பேர் சொல்லு"ன்னேன். கைன்னான். கையைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். இன்னொரு தடவை தூக்கிப் போட்டான். "சித்தி, இருங்க, சொல்லாதீங்க"ன்னு சொல்லிட்டு ஒரு பத்து நிமிஷம் அதையே பண்ணிக்கிட்டிருந்தான். அக்கா தோசை ஆறுதுன்னு கீழே இருந்து கத்துறா, ரெண்டு பேரும் போகலை.

கோர்ஸ்ல இப்போ 58 சதவீதம். வேலை, ஆற்றல் யூனிட்ல நிக்கிறேன். நாளைக்கு ஞாயிறு, எட்டு மணிக்கு போன் வந்துடும், ஒரு பக்கம்கூட எழுதி வைக்கலை. அதனால இன்னைக்கு இத்தோட நிறுத்திக்கிறேன். உங்க பந்து பதில் என்னவா இருந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. தப்பா இருந்தாலும் அழிக்காமப் போடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.