பழைய வீட்டைப் பங்கிடும் முன்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



பெற்றோர் விட்டுச்சென்ற பழைய மாடி வீட்டைத் தளம் தளமாகப் பிரித்து, தனித்தனிக் குடியிருப்புகளாகப் பதிவு செய்துகொள்வதில் தவறேதும் இல்லை. ஆனால், சதுர அடியை அளப்பதில் காட்டும் கவனத்தைக் கட்டடத்தின் உள்நிலையை அறிவதில் நாம் காட்டுவதில்லை. அதன் விளைவை வடசென்னையில் ஒரு குடும்பத்தில் நேரில் கண்டோம்.

மூன்று சகோதரர்களுக்கும் விதவையான ஒரு சகோதரிக்கும் உரிய வீடு அது. பங்கைப் பேசி முடிக்க நம்மை அழைத்திருந்தார்கள். குறுக்குச் சுவர், குளியலறை, வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்கு மட்டுமே கணக்கிட்டிருந்தார்கள்.

அவ்வீட்டின் கூரை மெட்ராஸ் டெரஸ் வகை. தேக்கு விட்டங்களின்மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கியது. பூச்சை உதிர்த்தபோது, சுவருக்குள் புதைந்திருந்த விட்ட முனைகள் இற்றுப்போயிருந்தன. சுண்ணாம்புச் சுவரின்மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியதால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிட்டது. இரும்புக் குழாய்கள் துருவேறி அடைத்திருந்தன. மின்கம்பிகளுக்கு எர்த் இணைப்பே இல்லை. நான்கு குடும்பங்களின் மின்சுமையை அவை எவ்வாறு தாங்கும்?

“கூரை மேல்தளத்தாருடையது, அவரே சரிசெய்யட்டும்” என்றார் கீழ்த்தளத்தார். “குழாய் உங்கள் சுவரில்தானே ஓடுகிறது?” என்றார் மேல்தளத்தார். வேலை நின்றது, சகோதரர்களுக்கிடையே ஸலாமும் நின்றது. இறுதியில், செலவுக்குப் பணமில்லாத சகோதரியிடம், பங்கையே விட்டுக்கொடுக்குமாறு கேட்கும் நிலை வந்தது.

மீண்டும் அனைவரையும் அமர வைத்தோம். செலவைப் பங்கின் விகிதப்படி பிரித்தோம். சகோதரியின் பகுதியைச் சகோதரர்கள் முன்பணமாகச் செலுத்தினார்கள். அவர் அதைத் தம் வீட்டு வாடகையிலிருந்து சிறிது சிறிதாக அடைத்து வருகிறார். பங்கைப் பேசிய நாமும் கட்டடத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. அக்குறை நம்முடையதும்தான்.

1994ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக, 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும், குடியிருப்பு தனி உரிமை, பொதுப்பகுதிகளில் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பங்கு என்ற அடிப்படையிலேயே அமைந்துள்ளது. ஆகவே, நிழலை மட்டும் அனுபவித்துவிட்டு, ஒழுகும் கூரை பிறருடையது என்று விலகிக்கொள்ள இயலாது.

எனவே, பங்கு பேசும் முன்பே கட்டடப் பொறியாளரை அழையுங்கள். ஈரம் படிந்த இடங்களிலும் விட்ட முனைகளிலும் பூச்சை உதிர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூரை, விட்டம், வெளிச்சுவர், படிக்கட்டு, குழாய், கழிவுநீர்ப் பாதை ஆகியவை பொது என்பதையும், செலவின் விகிதத்தையும் எழுத்தில் வையுங்கள். எதிர்பாராத பழுதுக்கென ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்குங்கள். பிறருக்கு விற்பதாயின், கண்ட குறையை மறைக்காமல் சொல்லுங்கள்.

சுவரைப் பிரித்தபின் சினம் கொள்வதைவிட, பிரிக்கும் முன் அமர்ந்து பேசுவது எளிது. வீடு பிரியட்டும்; உறவு பிரியாதிருக்கட்டும். வஸ்ஸலாம்.