பொய்ச் சாட்சிக்குத் தண்டனை உண்டு!

(கேளம்பாக்கம் தெருமுனைக் கூட்ட உரையிலிருந்து)



பொய்ச் சாட்சியால் சிறை சென்று விடுதலையாகி வரும் இளைஞர், "தப்பித்தோம், போதும்" என்று ஒதுங்கிவிடுகிறார். கூண்டேறிப் பொய் சொன்னவரோ அடுத்த வழக்கிற்குத் தயாராகிறார்! இதை விடலாமா?

நீதிமன்றத்தில் சொன்ன பொய்க்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துப் பயனில்லை. வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றத்தில் நடந்தால், மனுவும் அங்கேதான். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 340-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 379. நீதியின் நலனுக்கு அவசியமென்று கருதினால், நீதிமன்றமே மாஜிஸ்திரேட்டுக்குப் புகார் அனுப்பும். தண்டனை ஏழாண்டு வரை.

நாமும் சோதித்துக்கொள்வோம். 2002-இல் குஜராத்தின் பெஸ்ட் பேக்கரியில் 14 பேர் கொல்லப்பட்டனர். சாட்சிகள் பிறழ, 2003-இல் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலையானார்கள். மறுவிசாரணைக்கு உத்தரவிட்ட உச்சநீதிமன்றம், வாக்கு மாறி மாறிப் பேசிய ஸாஹிரா ஷேக்கிற்கு நீதிமன்ற அவமதிப்புக்காக 2006-இல் ஓராண்டுச் சிறை விதித்தது. உறவுகளைப் பறிகொடுத்தவரே சிறை சென்றார்!

மிரட்டினால் வாய் மூடாதீர்கள். 2018-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டப்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேளுங்கள்.

பெற்றோருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கக் கட்டளையிடுகிறது திருக்குர்ஆன் (4:135). நமக்காகப் பொய் சொல்ல வருபவரையும் தடுப்போம்!