மரங்கொத்தியின் உடலமைப்பு



விடியற்காலையிற் பனந்தோப்பின் பக்கம் நடந்தவர்களுக்கு அந்த ஓசை புதிதன்று. யாரோ ஒரு தச்சன் நேரத்தோடு வந்து உளியைப் பதம் பார்க்கிறான் என்று எண்ணத் தோன்றும். சில தட்டுகள், சிறிது ஓய்வு, மறுபடியும் சில தட்டுகள். ஓசை வந்த திசையிற் சென்று பார்த்தால் ஆளைக் காணோம். அண்ணாந்து நோக்கினால், தலையற்ற பனை ஒன்றின் நடுவுடலில், பொன்னிற முதுகும் செந்நிறக் கொண்டையுமாக ஒரு பறவை செங்குத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். நம்மைக் கண்டவுடன் அது எப்போதும் பறந்துவிடுவதில்லை. மரத்தைச் சுற்றி மெல்ல நழுவி மறுபுறம் போய், தலையை மட்டும் நீட்டி நம்மை நோட்டம் பார்க்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் நாம் பெரும்பாலும் காண்பது பொன்முதுகு மரங்கொத்தி. தெற்கே செல்லச் செல்ல அந்த முதுகு சிவக்கத் தொடங்கும். அங்கே வாழும் செம்முதுகு மரங்கொத்தி இலங்கைக்கே உரிய தனியினமாக இப்போது வகுக்கப்பட்டுள்ளது. இரண்டும் சந்திக்கும் இடைநாட்டில் மஞ்சளுமின்றிச் சிவப்புமின்றி இடைப்பட்ட நிறமுடைய கலப்புப் பறவைகளையும் காணலாம். நிறம் எதுவாயினும் தொழில் ஒன்றே. அந்தத் தொழிலுக்கு இப்பறவையின் உடல் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

காலிலிருந்து தொடங்கலாம். மரங்கொத்தியின் பாதத்தில் இரு விரல்கள் முன்னோக்கியும் இரு விரல்கள் பின்னோக்கியும் இருக்கின்றன. மரத்தைப் பற்றி ஏறுவதற்கே இந்த அமைப்பு என்று பாடப் புத்தகங்கள் பலவற்றில் எழுதியிருக்கிறது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வேலியோரத்துச் செண்பகத்தைப் பாருங்கள். அதற்கும் இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே; அதுவோ நாள் முழுவதும் நிலத்தில் நடந்து திரிகிறது. குயிலுக்கும் கிளிக்கும் அப்படியே. மறுபுறத்தில், நம் நாட்டுக் காடுகளில் மரத்தண்டில் தலைகீழாகவும் இறங்க வல்ல நீலநிறச் சிறு குருவியொன்று உண்டு. அதற்கு மற்றச் சாதாரணப் பறவைகளைப்போல் மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. ஆகவே அந்த விளக்கம் முழுதும் சரியன்று. 1959இல் அமெரிக்காவில் பொக், மில்லர் என்னும் இரு ஆராய்ச்சியாளர் இதனை விரிவாக எடுத்துக் காட்டினர். மரங்கொத்தி கிளையில் அமர்ந்திருக்கும்போதுதான் விரல்கள் இரண்டுக்கிரண்டாக நிற்கின்றன. செங்குத்தான தண்டில் ஏறும்போது நான்காம் விரல் பக்கவாட்டில் விரிந்து, முன்விரல்களுக்குச் செங்கோணமாக மரத்தை அணைக்கிறது. அசையக்கூடிய அந்த ஒரு விரலே ஏற்றத்தின் இரகசியம்.

பனையேறுகின்ற தொழிலாளி காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு ஏறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மரங்கொத்திக்குத் தளைநார் இல்லை. அதற்குப் பதிலாக வால் இருக்கிறது. வாலிறகுகள் பன்னிரண்டு. வெளியோர இரண்டும் மிகச் சிறியன. நடுவிலுள்ளவை தடித்த ஈர்க்குப் போன்ற நடுத்தண்டுடன், நுனி கூர்ந்து, வளைந்து வளையாத வலுவுடையவை. இவற்றை மரத்தில் ஊன்றி, இரு கால்களோடு மூன்றாவது காலாக்கிக்கொண்டு பறவை முக்காலிபோல் நிற்கிறது. தலையைப் பின்னே வாங்கி ஓங்கிக் கொத்தும்போது உடல் பின்சாயாமல் தாங்குவது இந்த வாலே.

இங்கே ஒரு சிறு செய்தியைக் கேளுங்கள். பறவைகள் ஆண்டுதோறும் பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகு வளர்க்கின்றன. பெரும்பாலான பறவைகளில் வாலின் நடு இறகுகளே முதலில் உதிர்கின்றன. மரங்கொத்தியிலோ மற்ற வாலிறகுகள் புதிதாக வளரும்வரை நடு இறகுச் சோடி அப்படியே நிற்கிறது. புதியவை பாரம் தாங்கத்தக்கனவாக ஆனபின்னரே அவை விழுகின்றன. வீட்டின் நடுக்கப்பை மாற்றுகின்ற மேசன் முதலில் பக்கத்தில் முட்டுக் கொடுப்பதுபோல!

சொண்டு நீண்டு, நேராக, உளி நுனி போன்று முடிகிறது. கொத்தக் கொத்தத் தேய்ந்தாலும் அதன் மேலுறை தொடர்ந்து வளர்ந்துகொண்டே இருக்கும். மரத்தூள் புகாதவாறு மூக்குத் துளைகளை மயிர் போன்ற சிற்றிறகுகள் மூடியிருக்கின்றன. சொண்டு மரத்தைத் தொடுமுன் கண்ணின் மேல் ஒரு மெல்லிய சவ்வு இமையாக வந்து மறைக்கிறது. சொண்டு மரத்தில் இறுகிவிட்டால் என்ன செய்யும்? மேற்சொண்டையும் கீழ்ச்சொண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது அசைத்து விடுவித்துக் கொள்கிறது. விறகிற் சிக்கிய கோடரியை இப்படியும் அப்படியும் அசைத்து இழுப்போமே, ஏறத்தாழ அதே வித்தை.

இனி, தலையைப் பற்றி. இதிலே நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் நெடுங்காலம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன். மரங்கொத்தியின் சொண்டுக்கும் மூளைக்கும் இடையே கடற்பஞ்சு போன்ற எலும்பு இருக்கிறது. அது அடியின் அதிர்ச்சியை உறிஞ்சி மூளையைக் காக்கிறது என்று ஆண்டுதோறும் சொல்லி வந்தேன். பெரிய புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன் எழுந்தான். தகப்பனார் தச்சுத் தொழில் செய்பவர். "ஐயா, சுத்தியலுக்குத் துணி சுற்றிக்கொண்டு அடித்தால் ஆணி இறங்குமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "அது வேறு, இது வேறு" என்று சொல்லிப் பாடத்தை நடத்திக்கொண்டு போய்விட்டேன். வேறு எப்படி என்று எனக்கே தெரியாது.

அந்தப் பிள்ளையின் கேள்வி சரியான கேள்வி. தலைக்குள் அதிர்ச்சி உறிஞ்சும் மெத்தை இருந்தால், அடியின் வலுவில் ஒரு பங்கு அந்த மெத்தையிலேயே வீணாகும். அதே ஆழத்துக்கு மரத்தைக் குடைய வேண்டுமானால் பறவை இன்னும் வேகமாகக் கொத்த வேண்டும். வேகம் கூடினால் அதிர்ச்சியும் கூடும். பிறகு மெத்தையால் வந்த இலாபம் என்ன?

2022இல் பெல்ஜிய நாட்டின் அன்ற்வேப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பேர்க் என்பவரும் அவருடைய தோழர்களும் இதனைச் சோதித்துப் பார்த்தனர். மூன்று இன மரங்கொத்திகள் கொத்துவதை மிகு வேகப் படக்கருவியாற் பிடித்து, சொண்டு எவ்வளவு சடுதியாக நிற்கிறது, கண்ணிருக்கும் பகுதி எவ்வளவு சடுதியாக நிற்கிறது என்று படம் படமாக அளந்தனர். இடையில் மெத்தை உண்டென்றால் கண் சற்று மெதுவாக நிற்க வேண்டும் அல்லவா? அப்படி நிகழவில்லை. சொண்டும் தலையும் ஒரே துண்டாக நின்றன. மரங்கொத்தியின் தலை துணி சுற்றிய சுத்தியலன்று, வெறும் சுத்தியலே.

அப்படியானால் மூளை எப்படித் தப்புகிறது? இதற்கு விடை நாம் தேடிய இடத்தில் இல்லை; அளவில் இருக்கிறது. ஒரு தேங்காயும் ஒரு கொட்டைப்பாக்கும் ஒரே உயரத்திலிருந்து கருங்கல்லின் மேல் விழட்டும். தேங்காய் வெடிக்கலாம், பாக்கு தெறித்து ஓடிவிடும். மனித மூளையின் நிறை ஏறத்தாழ 1,400 கிராம். மரங்கொத்தியினது இரண்டு மூன்று கிராம் அளவே. சிறிய பொருளில், தாங்கும் பரப்புடன் ஒப்பிட நிறை மிகக் குறைவு. ஆகையால் நமக்கு மயக்கம் வருத்தும் அதிர்ச்சி அதற்குப் பொறுக்கத்தக்கதே. அதனோடு, அந்த மூளை ஓட்டுக்குள் இடைவெளி அதிகமின்றி இறுக அமைந்திருக்கிறது. ஒவ்வோர் அடியும் கண்மூடித் திறக்குமுன் முடிந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. 1979இல் கலிபோணியாவில் பிலிப் மே முதலானோர் ஒரு மரங்கொத்தியைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, செக்கனுக்கு 6 முதல் 7 மீற்றர் வேகத்தில் வரும் தலை நேர்கோட்டிலேயே வருவதைக் கண்டனர். மூளையைப் பெரிதும் கெடுப்பது தலை சடுதியாகத் திரும்புவதே. மரங்கொத்தி தலையைத் திருப்பாமல் அடிக்கிறது.

ஆயினும் அதற்கு யாதொரு பாதிப்புமே இல்லை என்று அறுதியிட்டுச் சொல்லவும் இயலாது. 2018இல் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தினர், அருங்காட்சியகங்களிற் பேணப்பட்டிருந்த 10 மரங்கொத்திகளின் மூளைகளைப் பரிசோதித்து, அவற்றில் எட்டில் 'ரௌ' எனப்படும் புரதம் திரண்டிருக்கக் கண்டனர். தலையில் அடிபட்ட மனிதரின் மூளையிலும் இப்புரதம் திரள்வதுண்டு. பறவையில் அது தீங்கின் அடையாளமா, காப்பின் அடையாளமா என்பது முடிவாகவில்லை. அந்தப் பையன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். இந்தப் பேச்சு அவன் காதுக்கு எட்டுமானால், அன்று நான் சிரித்தது பிழை என்று இதன்மூலம் சொல்லிக்கொள்கிறேன்.

துளையிட்டாயிற்று; உள்ளே இருக்கும் புழுவை எடுப்பது எப்படி? அதற்குத்தான் நாக்கு. இத்தாலியப் பேரோவியர் லெயனார்டோ டா வின்சி, தாம் செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துவைத்த ஏட்டில், மரங்கொத்தியின் நாக்கை விவரிப்பதையும் ஒரு வேலையாகக் குறித்திருந்தார். அவருக்கு அப்படி என்ன அக்கறை என்று கேட்கத் தோன்றும். நாக்கின் அமைப்பைக் கண்டால் அவ்வாறு கேட்கமாட்டோம்.

நாக்கைத் தாங்கும் எலும்பு தொண்டையில் இரு கொம்புகளாகப் பிரிந்து, கழுத்தின் இருமருங்கும் பின்னோக்கிச் சென்று, பிடரியைச் சுற்றி மேலேறி, உச்சந்தலையைக் கடந்து முன்னே வருகிறது. பல இனங்களில் அவற்றின் நுனிகள் வலது மூக்குத் துளையின் அருகே முடிகின்றன. தலையைச் சுற்றிக் கட்டிய தலைப்பாகை போன்ற இந்தக் கொம்புகளை அவற்றைச் சூழ்ந்த தசை முன்தள்ளும்போது நாக்கு வெளியே பாய்கிறது. ஐரோப்பாவிலுள்ள பச்சை மரங்கொத்தியின் நாக்கு சொண்டு நுனிக்கு அப்பால் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளும். நுனியிலே பின்னோக்கிய முட்கள். மேலே பசைபோன்ற உமிழ்நீர். எறும்புப் புற்றின் வழிகளிலும் புழுத் துளைகளிலும் அது பாம்புபோல் வளைந்து புகுந்து இரையுடன் மீள்கிறது. மரச்சாற்றை உண்ணும் சில அமெரிக்க இனங்களில் முட்களுக்குப் பதிலாகத் தூரிகை போன்ற நுனி இருக்கிறது.

மரங்கொத்திக் குடும்பத்திலே மிகப் பழைய கிளையைச் சேர்ந்ததாக ஒரு பறவை உண்டு. கழுத்தைப் பாம்புபோல் முறுக்குவது அதன் வழக்கம். அதற்கும் நீண்ட நாக்கு உண்டு. ஆனால் உளிச்சொண்டும் விறைத்த வாலும் இல்லை. எறும்பு தின்கிறது; மரம் குடைவதில்லை. ஆகவே இந்த ஆயுதங்கள் யாவும் ஒரே நாளிற் கிடைத்தன அல்ல என்று கருத இடமுண்டு. நாக்கு முந்தி, வால் பிந்தி. மடகாஸ்கர்த் தீவிலோ மரங்கொத்தியே இல்லை. அங்கே மரத்திற்குள்ளிருக்கும் புழுவை, குச்சி போன்ற நடுவிரலைக் கொண்ட ஒரு சிறு விலங்கு தட்டிப் பார்த்துத் தோண்டி எடுக்கிறது.

இவ்வளவு நுணுக்கமாக மரத்துக்கென்றே அமைந்த உடலுக்கு ஓர் இடர் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்கே தந்தச் சொண்டு மரங்கொத்தி என்றொரு பெரிய பறவை வாழ்ந்தது. நீளம் அரை மீற்றர் அளவு. அண்மையில் இறந்த பெருமரங்களின் பட்டையை உரித்து, அதன் கீழுள்ள பெரிய வண்டுப் புழுக்களை உண்பதே அதன் வாழ்வு. மரம் இறந்து சில ஆண்டுகள் கழிந்தால் அந்தப் புழுக்கள் அற்றுப்போகும். பறவை வேறு மரத்தைத் தேட வேண்டும். எனவே ஒரு சோடிக்கே மிகப் பரந்த முதுகாடு தேவைப்பட்டது. லூயிசியானா மாநிலத்தில், ஒரு தையல் இயந்திரக் கம்பனிக்குச் சொந்தமாயிருந்த ஏறத்தாழ 80,000 ஏக்கர்க் காடு அதன் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று. ஜேம்ஸ் ரனர் என்னும் இளைஞர் 1937 முதல் 1939 வரை அதன் வாழ்க்கையை ஆராய்ந்து, காட்டை வெட்டினால் பறவை மிஞ்சாது என்று எழுதினார். போர்க்காலத்திற் காடு வெட்டப்பட்டது. 1944இல் ஓர் ஓவியர் அங்கே தனித்த பெண் பறவையொன்றைக் கண்டு படம் வரைந்தார். அதன்பின் கண்டோம் என்றோர் பலர்; எல்லோரும் ஏற்றுக்கொண்ட சான்று எதுவும் வரவில்லை.

நம் நாட்டுப் பொன்முதுகுக்கு அந்த அளவு பிடிவாதம் இல்லை. தென்னை, பனை, மா, வேம்பு எதுவும் அதற்குப் போதும். ஆனால் பொந்து குடைய அதுவும் பட்ட மரத்தையே பெரிதும் நாடுகிறது. பனையின் வெளிவைரம் இரும்பு போன்றது. தலை போய், நாட்பட்டு உக்கினால்தான் உளி இறங்கும். எறிகணை பட்டும் இடி விழுந்தும் தலையிழந்த பனைகள் வடக்கிலே பல வளவுகளில் நின்றன. பயனற்றவை என்று அவற்றை ஒவ்வொன்றாகத் தறித்து வருகிறோம்.

சில ஆண்டுகளின் முன் எங்கள் அயல் வளவில் அப்படி ஒரு மொட்டைப்பனை விழுத்தப்பட்டது. விழுந்த மரத்தைத் துண்டமாக்கியபோது நடுவே பொந்து. கூடென்று எதுவும் கட்டியிருக்கவில்லை; கொத்திய சிராய்களே மெத்தை. அதிலே இரண்டு குஞ்சுகள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் குதிகாலில் காய்த்துப்போன தடித்த தோல்; கரடுமுரடான பொந்தின் தரையில் உராயாதிருக்க இயற்கை கொடுத்த செருப்பு, பறக்கும் பருவத்தில் அது மறைந்துவிடும். தாயும் தகப்பனும் மரம் நின்ற வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்திப் பறந்தன. மரம் தறித்தவர்களுள் ஒருவர், நான் சொல்லாமலே, பொந்திருந்த துண்டத்தை அளவாக அறுத்து, குஞ்சுகளை உள்ளே வைத்து, பக்கத்துப் பனையில் ஆளுயரத்துக்கு மேலே கயிற்றினால் நிமிர்த்திக் கட்டினார்.

அன்று மாலைவரை ஒன்றும் வரவில்லை. மறுநாட் காலை நான் கிணற்றடியில் நின்றபோது, உச்சி முழுதும் சிவந்த ஆண் பறவை அந்தப் பனையின் அடியில் வந்து ஒட்டியது. வாலை ஊன்றி, ஊன்றி, சுற்றிச் சுற்றி மேலேறியது. கயிற்றை ஒரு தடவை கொத்திப் பார்த்தது. பிறகு பொந்துக்குள் தலையை நுழைத்தது.